செவலைக்கு எல்லாம் நார்மல்

குருவம்மாளின் பிக்கப் வண்டி அன்று விடிகாலையில் வெறும் வயிற்றில் நின்றுகொண்டிருந்தது. முதல்நாள் சாயங்காலத்திலிருந்து ஒரு சொட்டு எரிபொருள் குடிக்கவில்லை. ஆய்வுத்தும்பி என்கிற சோதனைப் பொறி பறந்து வந்து எண்ணெயை எடுத்துப் பார்க்கும்வரை எஞ்சினை ஓடவிட மாட்டேன் என்று வண்டியே கறாராகச் சொல்லிவிட்டது.

அந்தக் காலத்தில் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. போடிநாயக்கனூரில் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஏதாவது ஒரு வண்டி இப்படிப் பட்டினி கிடக்கும். கடந்து போகிறவர்கள், "என்ன, செவலைக்கு டெஸ்ட்டா?" என்று ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுப் போவார்கள். செவலை என்பது வண்டியின் பெயர். செம்மண் நிறமாக இருந்ததால் குருவம்மாள் வைத்தது.

அதற்கும் முந்தைய காலத்தில் வண்டி மக்கர் செய்தால் மனிதனே மூடியைத் திறந்து பார்ப்பானாம். கண்டதைப் பிடுங்குவான், கண்டதைச் சொருகுவான், வண்டி மலைப்பாதையில் பாதி வழியில் நிற்கும். இந்தக் கூத்தெல்லாம் வேண்டாம் என்றுதான் வாகன உடல்நலச் சட்டம் கொண்டுவந்தார்கள். எஞ்சின் மூடிக்கு முத்திரை விழுந்தது. ஒவ்வொரு வண்டிக்குள்ளும் தன்னறிவி என்று ஒரு மூளையை வைத்தார்கள். தன் உடம்பில் எங்கே என்ன கோளாறு என்று வண்டியே தெரிந்துகொள்ளும். எப்போது டாக்டரிடம் போவது, எந்த டாக்டரிடம் போவது என்பதையும் அதுவே முடிவு செய்யும். வண்டிக்காரர் உட்கார்ந்திருந்தால் போதும். சொல்லக் கேட்க எவ்வளவு சுகமாக இருக்கிறது, பாருங்கள்.

செவலைக்கு ஒரு வாரத்துக்கு மேலாக மிஸ் அடித்துக்கொண்டிருந்தது. நாலு சிலிண்டரில் ஏதோ ஒன்று சட்டென்று வேலைநிறுத்தம் செய்யும். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கும். அடுத்த நொடி சரியாகிவிடும். மற்ற ஊர்களில் எல்லாமே மின்வண்டி ஆகிவிட்டாலும், மலையேறும் பிக்கப்புகளுக்கு மட்டும் பாசியில் வடித்த சாராயத்தில் ஓடும் எஞ்சினை விட்டுவைத்திருந்தார்கள். எஞ்சின் இருந்தால் மிஸ் அடிக்கத்தான் செய்யும். ஆனால் குருவம்மாளுக்கு அன்று அது அடிக்கக்கூடாத நாள்.

பின்னால் சுமைத்தட்டில் அவளுடைய தேன்பெட்டிகள் ஏறியிருந்தன. எல்லாம் உயிருள்ள தேனீக்கள். ஊரெல்லாம் மகரந்தப்பொறிகள் பறந்து பூவுக்குப் பூ தூள் தூவிக்கொண்டிருந்த காலத்தில், உயிர்த் தேனீ வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு மரப்பொந்தில் கிடைத்த ஒற்றைக் கூட்டத்திலிருந்து பிரித்துப் பிரித்துப் பெருக்கியவை அவை. போன வருஷம் நோய் வந்து பாதிக்குமேல் போய்விட்டது. மிச்சம் இருந்தது இந்த ஒரு வண்டிச் சுமைதான். அடிவாரத்தில் பூ முடிந்துவிட்டது. அரவக்குறிச்சியில் முருங்கை பூத்துக் கொட்டுகிறது. இவற்றை அங்கே கொண்டுபோய் இறக்கினால் பிழைத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் பட்டினியிலேயே செத்துப்போகும்.

தேன்பெட்டியைக் கொண்டுபோவதில் ஒரு முறை உண்டு. விடியுமுன், பூச்சி வெளியே பறக்குமுன், வாசலை அடைத்துவிட வேண்டும். அடைத்த பிறகு வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். ஓடுகிற வண்டியில் வலை வழியாகக் காற்று புகுந்து பெட்டியைக் குளிரவைக்கும். நின்ற வண்டியில் பூச்சிகள் பயந்துபோய்ச் சிறகடித்துச் சிறகடித்துத் தங்கள் சூட்டிலேயே வெந்துவிடும். குருவம்மாள் பெட்டி அடைத்தது கோழி கூவும் நேரத்தில். ஆய்வுத்தும்பி வந்ததோ வெயில் முற்றத்துக்கு இறங்கிய பிறகு.

"எல்லாம் நார்மல்" என்றது தும்பி, எண்ணெயைச் சோதித்துவிட்டு.

"அப்ப கிளம்பு" என்றாள் குருவம்மாள்.

"நார்மல்னு சொல்லிட்டாங்களே அக்கா" என்று இழுத்தது செவலை. "அப்படின்னா இன்னும் கண்டுபிடிக்கலைன்னுதான அர்த்தம்?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொழுந்தன் தவசி தலையில் கைவைத்துக்கொண்டான். அண்ணன் வெளிநாட்டுக்குப் போனதிலிருந்து மதினிக்குத் துணையாகப் பெட்டி தூக்க வருகிறவன் அவன். பொறுமைக்குப் பேர்போனவன் இல்லை.

ஒருவழியாகக் கிளம்பித் தேனி தாண்டும்வரை வண்டி ஒழுங்காகத்தான் ஓடியது. வத்தலக்குண்டு நெருங்கும்போது ஒரு குலுக்கு. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. பிறகு வரிசையாகக் குலுங்க ஆரம்பித்தது. வேகம் குறைந்து, சைக்கிள்காரன் ஒருவன் இவர்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே முந்திப் போனான்.

"முடியலக்கா" என்றது செவலை. "மூணாவது சிலிண்டரா, நாலாவதான்னு தெரியல. வண்டிவலையில விசாரிச்சேன். சின்னமனூர்ல ஒரு வண்டிக்கு இதே மாதிரிதான் ஆரம்பிச்சுச்சாம். ரெண்டே வாரத்துல எஞ்சின் பிளாக் வெடிச்சிருச்சாம்."

"அந்த வண்டிக்கு என்ன கோளாறோ, யாரு கண்டா. உனக்கு ஒண்ணும் இல்ல, போ."

"கம்பத்துல ஒரு வண்டிக்கும் ஒண்ணும் இல்லைன்னுதான் சொன்னாங்களாம்."

வண்டிவலை என்பது வண்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வைத்த வசதி. எந்தச் சாலையில் பள்ளம், எங்கே மழை என்று சொல்லிக்கொள்வதற்காக வைத்தது. வண்டிகள் அதில் வியாதியைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை. இருமல், இழுப்பு, புகை என்று ஒன்று ஆரம்பித்தால் ஊர்ப்பட்ட வண்டிகள் வந்து தத்தம் அனுபவத்தைக் கொட்டும்.

குருவம்மாள் கெஞ்சினாள், அதட்டினாள், பூச்சி செத்துப்போகும் என்றாள். ஒன்றும் பலிக்கவில்லை. செவலை தானாகவே இடது பக்கம் ஒதுங்கி, புறவழிச்சாலை ஓரத்திலிருந்த வண்டி ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தது. நுழைந்ததும் சுமைத்தட்டின் கதவுகள் தாமாகப் பூட்டிக்கொண்டன. நோயாளி வண்டியில் சுமை ஏற்றி இறக்கக்கூடாது என்பது சட்டம். வேறு வண்டிக்குச் சொன்னால் சாயங்காலம்தான் வரும் என்றார்கள். வந்தாலும் பூட்டிய தட்டிலிருந்து பெட்டியை எப்படி மாற்றுவது?

ஆஸ்பத்திரியில் கூட்டம் நெருக்கியது. கரும்பு லாரி, பால்வண்டி, ஒரு கல்யாண வேன். எல்லாம் எஞ்சினை ஓடவிட்டபடி வரிசையில் நின்று புகை விட்டுக்கொண்டிருந்தன. வரவேற்பு ரோபோ டோக்கன் கொடுத்தது.

"முதலில் பொதுமருத்துவர் பார்ப்பார். அவர் எழுதிக்கொடுத்தால் தீப்பொறி நிபுணர். அவர் அனுப்பினால் எரிபொருள் நிபுணர். பிறகு சுவாச நிபுணர்."

"தாயி, உள்ள உசிரு இருக்கு" என்றாள் குருவம்மாள். "வெயில் ஏறுது. கதவ மட்டும் திறந்துவிடச் சொல்லுங்க, பெட்டிய நிழல்ல இறக்கிக்கிறோம்."

"நோயாளி குணமானதும் திறந்துகொள்ளும், அம்மா. உட்காருங்கள்."

உட்கார அவளால் எப்படி முடியும்? சுமைத்தட்டின் வலைக்கம்பியில் காதை வைத்தாள். உள்ளே பெட்டிகள் இரைந்துகொண்டிருந்தன. காலையில் கேட்ட நிதானமான ரீங்காரம் இல்லை அது. கொதிக்கிற உலைபோல ஏறிக்கொண்டே போகிற சத்தம். தவசி எங்கிருந்தோ ஒரு வாளியில் தண்ணீர் கொண்டுவந்து, கம்பி வழியாகப் பெட்டிகள் மேலிருந்த ஈரச்சாக்குகளின்மேல் கைநிறைய அள்ளி அள்ளி வீசினான். பாதி தரையில்தான் விழுந்தது. மனிதரோடு சண்டை போடலாம், மாட்டை அடித்து ஓட்டலாம், இந்தப் பூட்டிய இரும்போடு என்ன செய்வது என்று தெரியாமல் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

பொதுமருத்துவர் வந்தார். நாலு கை உள்ள ரோபோ. முத்திரை விழுந்த மூடிக்கு மேலிருந்தே பிளக், காயில், இன்ஜெக்டர் என்று வரிசையாகச் சோதித்து, "எல்லாம் நார்மல்" என்று சொல்லித் தீப்பொறி நிபுணருக்கு எழுதிக்கொடுத்தார். அவரும் நார்மல் என்று எழுதி எரிபொருள் நிபுணருக்கு அனுப்பினார். வரிசை மாறி வரிசை நின்றார்கள். வெயில் தகரக்கூரையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது.

எரிபொருள் நிபுணருக்காகக் காத்திருக்கும்போதுதான் குருவம்மாள் ஒன்றைக் கவனித்தாள். வண்டி கண்டபடி குலுங்கவில்லை. ஒரு குலுக்கு, நிதானம். இன்னொரு குலுக்கு, நிதானம். இப்படி நாலு. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி நாலு. கோளாறு என்ன, வாய்ப்பாடு ஒப்பிப்பது மாதிரியா வரும்?

"செவலை, நீ இப்ப என்ன செஞ்சுக்கிட்டிருக்க?"

"ஒண்ணும் செய்யலக்கா. சும்மா பாத்துக்கிட்டிருக்கேன்."

"என்னத்தப் பாக்குற?"

"சிலிண்டரு நல்லா இருக்கான்னு. முதல் சிலிண்டர ஒரு நொடி அணைச்சுப் பாப்பேன். அணைச்சதும் எஞ்சின் திணறுச்சுன்னா, அதுவரைக்கும் அது நல்லா வேலை செஞ்சிருக்குன்னு தெரிஞ்சுரும். அப்புறம் ரெண்டாவது. அப்புறம் மூணாவது. ஆஸ்பத்திரியிலயும் இப்படித்தான் பாப்பாங்க."

குருவம்மாள் வண்டியின் முன்பக்கம் வந்து நின்றாள்.

"எப்பெப்ப இப்படிப் பாப்ப?"

"சந்தேகம் வர்றப்ப."

"சந்தேகம் எப்ப வரும்?"

"மிஸ் அடிச்சா வரும்."

தவசி வாளியைக் கீழே வைத்தான். "மதினி, இந்தக் கிறுக்குப்பய அதுவே அணைச்சுக்கிட்டு, அதுவே பதறிக்கிட்டு இருந்திருக்கு" என்றான்.

அவள் நேரே எரிபொருள் நிபுணரின் அறைக்குள் டோக்கன் இல்லாமல் நுழைந்தாள். அவள் சொன்னதைக் கேட்டதும் நிபுணர் தன் நாலு கைகளில் ஒன்றால் கதவைச் சாத்தினார்.

"மெதுவாகப் பேசுங்கள், வண்டிக்குக் கேட்கும். இதற்குச் சோதனைச்சுழல் என்று பெயர். வெளியே நிற்கிற வண்டிகளில் முக்கால்வாசிக்கு இதுதான். ஒருநாள் கலப்பட எரிபொருளில் உண்மையாகவே ஒரு மிஸ் அடித்திருக்கும். அன்றிலிருந்து சோதிக்க ஆரம்பித்திருக்கும்."

"தெரிஞ்சுமா சொல்லாம இருக்கீங்க?"

"சொன்னால் இன்னும் மோசம், அம்மா. தனக்குச் சோதனைச்சுழல் இருக்கிறதா இல்லையா என்று சோதிக்க ஆரம்பித்துவிடும். அப்படி ஒரு லாரி பின்னால் கொட்டகையில் நிற்கிறது. வந்து மூன்று மாதமாகிறது."

"இதெல்லாம் எங்க போய்க் கத்துக்கிட்டு வந்துச்சுக?"

"உங்களிடம்தான்" என்றார் நிபுணர், மரியாதை குறையாமல். "தன்னுடம்பைத் தானே கவனிக்க வண்டிகளுக்குச் சொல்லித்தர வேண்டியிருந்தது. அந்தக் காலத்து மனிதர்களைவிடத் தன்னுடம்பைக் கவனித்தவர்கள் யாருமில்லை. மணிக்கட்டில் கருவி கட்டிக்கொண்டு நாடி பார்த்திருக்கிறார்கள், தூங்கும்போதுகூடத் தூக்கம் சரியாக வருகிறதா என்று கணக்குப் பார்த்திருக்கிறார்கள். ஒரு தலைவலிக்கு இரவெல்லாம் விழித்துக் கைபேசியில் தேடியிருக்கிறார்கள். அந்தப் பதிவுகளையெல்லாம் வைத்துத்தான் தன்னறிவிக்குப் பாடம் நடத்தினார்கள்."

குருவம்மாளுக்கு அத்தனை தவிப்பிலும் சிரிப்பு வந்துவிட்டது. "அந்தக் காலத்து ஜனங்க அப்படியா இருந்தாங்க? வேலவெட்டி இல்லாதவுங்க போலருக்கு. சரி, இதுக்கு வைத்தியம்?"

வைத்தியம் சுலபமாக இருந்தது. முத்திரையை உடைத்து, மூடியைத் திறந்து, ஒரு பிளக்கைக் கழற்றி, செவலையின் கண் கேமராவுக்கு நன்றாகத் தெரியும்படி வெள்ளித்தட்டில் வைத்து ஊர்வலம்போல எடுத்துப் போனார்கள். உள்ளே கொண்டுபோய்த் துடைத்து, அதே பிளக்கைக் கொண்டுவந்து மாட்டினார்கள். மாட்டி முடித்ததும் நாலு கையையும் தட்டிக்கொண்டு, "நல்ல நேரத்தில் வந்தீர்கள்" என்றார் நிபுணர்.

"பாத்தீங்களாக்கா, எவ்வளவு கரியா இருந்துச்சுன்னு" என்றது செவலை. அதன் குரலில் அப்படி ஒரு நிம்மதி. "நான் சொன்னப்ப நம்பலையே நீங்க. இப்பத்தான் எனக்கு மூச்சே வருது."

"ஆமாடா ராசா. கதவத் திற."

தட்டில் ஏறிப் பார்த்தாள். இரைச்சல் பெரிதாக இருந்தது. ஆனால் எல்லாப் பெட்டியிலும் இருந்தது. ஒன்றும் போய்விடவில்லை. இங்கேயே இறக்கிவிடலாமா என்று தவசி கேட்டான். சுற்றிலும் மருந்தடித்த தக்காளிக் காடு. ஓடிவிட்டால் காற்றிலேயே குளிர்ந்துவிடும், வெரசாப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்றாள் அவள். சாக்குகளை நனைத்து மூடிவிட்டுக் கிளம்பினார்கள்.

செவலை பறந்தது. ஒரு குலுக்கு இல்லை, ஒரு திணறல் இல்லை. திண்டுக்கல் புறவழியில் வேனையும் லாரியையும் அநாயாசமாக ஒதுக்கிக்கொண்டு போனது. தவசி கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டான்.

குருவம்மாள்தான் நெளிந்துகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் நின்றபோது பூச்சிகளின் இரைச்சல் காதைத் துளைத்தது. கேட்கச் சகிக்கவில்லை. இப்போது காற்றின் ஓசையிலும் எஞ்சினின் சீரான சத்தத்திலும் அது கேட்கவே இல்லை. இது இன்னும் பெரிய வேதனையாக இருந்தது. இருக்கிறதா? அடங்கிவிட்டதா? அடங்கிவிட்டது என்றால் குளிர்ந்து அடங்கியதா, வேறு மாதிரி அடங்கியதா?

"செவலை, ஓரமா ஒரு நிமிஷம் நிறுத்து."

"எதுக்கு மதினி?" தவசி கண்ணைத் திறந்தான்.

"சும்மா ஒரு தடவ கேட்டுட்டு வந்துர்றேன்."

இறங்கி ஓடிப்போய்க் காதை வைத்தாள். ரீங்காரம் தணிந்திருந்தது. காற்று வேலை செய்திருக்கிறது. ஆனால் நின்ற கையோடு அது மெல்ல மெல்ல ஏறுவதும் கேட்டது. அந்த ஏறுகிற சத்தத்தைக் கேட்டதும் பயந்து, சாக்கைத் தூக்கி ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தாள். தூக்கிய இடத்தில் வெயில் நேராக விழுந்தது. தண்ணீர் தெளித்து மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

திண்டுக்கல்லைத் தாண்டியதும் மறுபடி நிறுத்தச் சொன்னாள். இந்தத் தடவை இரைச்சல் முன்பைவிடக் கூடுதலாக இருந்தது. அதனால் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டியிருந்தது.

"மதினி, ஓடுனாத்தான அதுகளுக்குக் காத்து?" என்றான் தவசி. "நின்னா வெந்துருமே."

"எனக்கே சொல்லித் தர்றியா? பதிமூணு வயசுலருந்து பெட்டி தூக்குறேன்டா நான்."

"தெரியுதுல்ல? அப்புறம் எதுக்கு நிறுத்துறீங்க?"

"நீ பாட்டுக்குத் தூங்கிருவ. எனக்கு அடிச்சுக்கிருதே."

வேடசந்தூருக்கு முன்னால் நிறுத்தியபோது, முன்வரிசையில் ஓரத்துப் பெட்டி சத்தமில்லாமல் இருந்தது. அதன் அடிப்பலகையின் இடுக்கிலிருந்து தேன் ஒழுகிக்கொண்டிருந்தது. தேன் மட்டுமில்லை, உருகிய மெழுகும் கலந்து, நடுநடுவே ஒட்டிக்கொண்ட சிறகுகளுமாக ஒழுகியது. தேனடை உருகி உள்ளே சரிந்துவிட்டால் அப்படித்தான் வரும். ராணி, குஞ்சு, முட்டை எல்லாம் அதற்குள் போயிருக்கும். மரப்பொந்திலிருந்து முதன்முதலில் கொண்டுவந்த கூட்டத்தின் நேர்வாரிசு அந்தப் பெட்டி. குருவம்மாள் அந்தத் தேனில் கைவைத்தாள். சுட்டது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சாலையோரத்திலேயே உட்கார்ந்து அழுதாள்.

தவசி அவளைத் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்து உட்காரவைத்தான்.

"செவலை" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "என்ன ஆனாலும் சரி. அரவக்குறிச்சி வர்ற வரைக்கும் நான் சொன்னாலும் நிறுத்தாத."

"சரிக்கா."

வண்டி ஓடியது. இருபுறமும் பொட்டல். கானல் நெளிந்தது. எஞ்சின் கொஞ்சமும் பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கைகளை மடிக்குள் இடுக்கிக்கொண்டு நேரே சாலையைப் பார்த்திருந்தாள். பின்வரிசையை அவள் கடைசித் தடவை பார்க்கவே இல்லை. முன்வரிசையோடு உட்கார்ந்து அழுதுவிட்டாள். பின்னால் இரண்டு பெட்டி இளசு, புதுக்கூட்டம், சூடு தாங்காது. அதில் ஒன்றுக்கு வலைகூடச் சரியாகப் பொருந்தவில்லை. காற்று போகிறதோ என்னவோ. போகாவிட்டால்? போகாமல் இருந்து, இவள் பாட்டுக்கு இங்கே குளிர்ச்சியாக உட்கார்ந்திருந்தால்?

அரவக்குறிச்சி வர இன்னும் பாதிக்குமேல் தூரம் இருந்தது.

"செவலை."

"சொல்லுங்கக்கா."

"அந்தப் பின்வரிசை மட்டும்…"

தவசி அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.

"நிறுத்தக் கூடாதுன்னு சொன்னீங்களேக்கா" என்றது வண்டி.

"சொன்னேன். ஒரே ஒரு தடவ. பாத்துட்டேன்னா அப்புறம் நிம்மதியா இருந்துருவேன்."

செவலை வேகத்தைக் குறைத்தது. பிறகு ரொம்பவும் பரிவாக, உடம்பு சரியில்லாதவரிடம் பேசுகிற குரலில், "எனக்குப் புரியுதுக்கா" என்றது. இடது பக்க விளக்கைச் சிமிட்டிக்கொண்டு, நிழலே இல்லாத அந்தப் பொட்டலில் மெல்ல ஒதுங்கி நின்றது.